கொக்கியில் குங்குமம்

நாளை காலை ஒருவர் சாகக்கூடும் என்று உங்களுக்குத் தெரிகிறது. வாயைத் திறந்தால் உங்கள் வேலை போய்விடும். திறப்பீர்களா? உடனே ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். கலியன் ஒரு பகலும் ஓர் இரவும் யோசித்தார்.

ராணுவத் தொழிற்சாலை வேலைக்காக ஆரணிப் பக்கத்திலிருந்து புனே வந்த ஒருவரின் மகன் கலியன். பிட்டர் வேலை தெரிந்தவர். 1990 முதல் வானவடி பக்கம் ஒரு துப்பாக்கிச் சங்கத்தில் ரைபிள்களைப் பராமரித்து வந்தார். நிரந்தர வேலை அல்ல. செயலாளர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடமும் வேலை.

இந்த வருடம், 1998 மழைக்காலத்தில், நஸ்ரின் என்ற கல்லூரி மாணவி சங்கத்தின் பாயின்ட் டூ-டூ ரைபிள் ஒன்றைக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தாள். ட்ரிகரை இழுத்து முடிப்பதற்குள் குறி ஆடிவிடுகிறது என்றாள். “தண்ணிக் குடம் தூக்கற மாதிரி இருக்கு, சாச்சா.”

கலியன் முதலில் ஒரு காலித் தோட்டாவை உள்ளே போட்டார். இந்த வகை ரைபிளை வெறுமனே சொடுக்கினால் தோட்டாவை அடிக்கும் ஊசி உள்விளிம்பில் இடித்துக் கெட்டுவிடும். ட்ரிகரில் கம்பி மாட்டி, அதில் ஓர் எண்ணெய்க் கேனைத் தொங்கவிட்டு, சொடுக்கும்வரை தண்ணீர் ஊற்றினார். கேனை நிறுத்தால் இரண்டே முக்கால் கிலோ.

கழற்றிப் பார்த்தார். ட்ரிகரை இழுக்கும்வரை ஊசியைப் பிடித்து நிறுத்துவது நகத்தளவு எஃகுக் கொக்கி. அதன் முகம் சொரசொரவென்று இருந்தது. ஒரு வாரம், கோணம் மாறாமல், எண்ணெய்க் கல்லில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தார். ஒன்றரைக் கிலோவுக்கு இறங்கியது. இன்னும் குறைக்கச் சொன்னாள், மறுத்துவிட்டார். ரப்பர்ச் சுத்தியலால் ரைபிளின் மரக்கட்டையை நாற்பது முறை தட்டிப் பார்த்தார். கொக்கி ஒருமுறைகூட நழுவவில்லை. ஆனால் பிடிமானம் இப்போது மெல்லிசு, தூசு ஆகாது, வாரம் ஒருமுறை தானே கழற்றித் துடைக்க வேண்டும் என்றார். அப்படியே துடைத்தும் வந்தார்.

தசராவுக்கு முந்தின நாள் சங்கத்தில் ஆயுத பூஜை. மறுநாள் காலை, பூஜையில் வைத்த ரைபிளால் முதல் குண்டைச் சுடுவது வழக்கம். உறுப்பினர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து பார்ப்பார்கள். இந்த வருடம் சுட வேண்டியவள் நஸ்ரின்.

கலியன் வாசலுக்கு வெளியே நின்று பூஜையைப் பார்த்தார். ரைபிளை மல்லாத்தி வைத்திருந்தார்கள். ட்ரிகரைச் சுற்றிச் சந்தனத்தை அப்பி, குங்குமத்தை அள்ளிப் போட்டு, மேலே தீர்த்தம் தெளித்தார்கள். சிவந்த தண்ணீர் ட்ரிகர் சந்து வழியாக உள்ளே இறங்கியது. கலியனுக்குத் தெரியும்: அந்தக் குழம்பு காய்ந்தால் கொக்கி முழுதாக மாட்டாமல் பாதியில் நிற்கும். தோட்டாவைத் தள்ளி, குழாயின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டை மூடும் நொடியிலேயே ஊசி விடுபட்டுப் பாயும்.

செயலாளர் பரமசிவம் இரண்டு தலைமுறைப் புனேத் தமிழர், காண்ட்ராக்டர். பத்து நிமிடம் கொடுத்தால் கழற்றித் துடைத்துப் பழையபடி வைத்துவிடுகிறேன் என்று கலியன் அவரிடம் கெஞ்சினார்.

“பூஜையில இருக்கறதை நீ தொடாதே.”

“எட்டு வருஷமா நான்தான சார் தொட்டுக்கினு இருக்கேன்.”

“அது ஒர்க்‌ஷாப்ல. தெரிஞ்சிக்கிட்டே கேக்கறியே, கலியன்.”

பக்கத்தில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். சாதியின் பெயரை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஒரு மனிதனின் விரலால் எஃகு துல்லியமாகலாமாம், அதன்மேல் சந்தனம் பட்டதும் அதே விரல் தீட்டாகிவிடுமாம். படித்தவர்கள் கூடிய சங்கம் அது.

அன்று கலியன் சாப்பிடவில்லை. போன வருடம் சுட்டவர் தோட்டா போட்டபின் கூட்டத்தின் பக்கம் திரும்பிப் போட்டோவுக்கு நின்றது நினைவுக்கு வந்தது. தோள்மேல் உட்கார்ந்திருந்த குழந்தைகள் நினைவுக்கு வந்தார்கள். அதைவிட மோசமான பயம் ஒன்றும் இருந்தது: தன் கல் ஒரு மயிரிழை அதிகமாகத் தேய்த்திருந்தால்?

“காய்ச்சல்னு சொல்லிட்டு வூட்லயே இரு. எது நடந்தாலும் உன் தலைமேலதான் வுழும்” என்றாள் மனைவி விசாலம்.

ஆனாலும் அவர் காலையில் போனார்.

சுடும் இடத்தில் கட்டிய கயிற்றுக்குப் பின்னால் நாற்பது பேர் இருந்தார்கள்; எதிரே குண்டைத் தடுக்கும் மண்மேடு. பரமசிவம் ரைபிளை எடுத்து நஸ்ரினிடம் கொடுத்தார். அவள் தோட்டாவை வைத்தாள். போட்டோக்காரர் திரும்பச் சொன்னார். அவள் இடுப்பு திரும்பத் தொடங்கியதும் கலியன் கயிற்றைத் தாண்டினார். அவளைப் பார்த்துக் கத்தினார்.

“பாப்பா, திரும்பாத. கொழாயி மண்மேட்டப் பாத்தே இருக்கட்டும். வெரல ட்ரிகருக்கு வெளிய நீட்டிக்கினு போல்ட்ட மூடு.”

பரமசிவம் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். நஸ்ரின் காரணம் கேட்கவில்லை. ஆள்காட்டி விரலைக் கட்டையோடு நீட்டி வைத்து போல்ட்டை மூடினாள்.

வெடித்தது. மண்மேட்டில் தூசி எழுந்தது. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. நஸ்ரின் ட்ரிகரைத் தொடாத தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பரமசிவம் முதலில் சொன்னது, ட்ரிகரைத் தேய்த்துக் கெடுத்தவன் இவன்தான் என்பது. இங்கேயே எல்லார் முன்னாலும் கழற்றுங்கள், உள்ளே சிவப்பு இல்லையென்றால் என்னைப் போலீசில் கொடுங்கள் என்றார் கலியன். யாரும் கழற்றவில்லை. சாயங்காலம் வேறு ஆளை வைத்து ரைபிளை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டார்கள். கழுவிய ரைபிளை நஸ்ரின் வாங்கி, சுத்தியலால் நாற்பது முறை தட்டிக் காட்டினாள். கொக்கி அசையவில்லை. இருந்தும் கலியனை வேலையிலிருந்து நீக்கினார்கள். போலீசில் புகார் கொடுக்கப் போவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் அவர் இப்போது உள்ளறைக்குப் போய்விடுகிறார்.

நஸ்ரின் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டாள். ஒரு பெண்ணின் சாட்சி போதாது என்கிறது சங்கக் குழு. வருகிற எட்டாம் தேதி அது மறுபடி கூடுகிறது. கயிற்றுக்குப் பின்னால் நின்ற நாற்பது பேரில் பாதிப் பேர் தமிழர்கள், இதைப் படிக்கத் தெரிந்தவர்கள். உங்கள் பிள்ளைகளும் அங்கே நின்றார்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, பெயரும் கையெழுத்தும் போட்டு, எட்டாம் தேதிக்குள் குழுவிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.