தைலப்பேணிக்குள் மஞ்சளும் வெள்ளையும்

காலையில் குலசிங்கம் அண்ணர் குளிசை உடைப்பதை எங்கள் வேலி இடுக்கால் பலநாள் பார்த்திருக்கிறேன். சின்ன வெள்ளைக் குளிசை. அதன் நடுக்கோட்டில் பெருவிரல் நகத்தை வைத்து, மூச்சை அடக்கி அழுத்துவார். ஒரு பாதி நாக்குக்கு, மறுபாதி தைலம் தீர்ந்த தகரப் பேணிக்கு. பிறகு வெறுந்தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், தன் கால்களையே பார்த்தபடி இருப்பார். கடைசியில் கால் பெருவிரல் ஒருமுறை அசையும். தூரத்து உறவினர் பஸ்ஸால் வந்து இறங்கியதை அறிவிப்பவர்போல, "வந்திட்டுது, மலர்" என்பார். மனைவி இராசமலர் சைக்கிளை வெளியே எடுத்து வைப்பார்.

சாம்பல்தீவிலிருந்து துறைமுகக் கரைக்குப் போய், மீனவர் சங்கத்தில் வள்ளங்களுக்கு ஐஸ் நிறுத்துக் கொடுப்பது அவர் வேலை. தொண்ணூற்றேழில் ஒருநாள் படுத்தவர் எழும்பவில்லை. காய்ச்சலும் இல்லை, காயமும் இல்லை. அங்கே ஐஸ் உருகியது, வள்ளக்காரர் கத்தினார்கள். இவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

ஊருக்கு இது பொறுக்கவில்லை. யுத்தகாலத்தில் கவலைக்கும் பங்கீடு இருந்தது. வீடு எரிந்தவர் சில மாதம் கவலைப்படலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு ஆயுள் முழுவதும் அனுமதி. குலசிங்கத்துக்கோ வீடும் நின்றது, ஆட்களும் உயிரோடு இருந்தார்கள். பிறகு எந்த உரிமையில் படுத்திருக்கிறார்?

சங்கச் செயலாளர் சின்னப்போடி கதிரையை இழுத்துப் போட்டு விசாரணை நடத்தினார்.

"ஆரும் செத்ததோ?"

"இல்லை, அண்ணை."

"ஆரையும் பிடிச்சுக்கொண்டு போனவங்களோ?"

"இல்லை."

"எனக்கு மூண்டு தரம் வீடு எரிஞ்சது. நான் படுத்தனானே? உனக்கு என்னடாப்பா குறை?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை." குலசிங்கம் அழத் தொடங்கினார்.

"காரணமில்லாமல் அழாதை. மாசம் முடியுறதுக்குள்ள எழும்பி வராட்டி வேற ஆளைப் போடுவன்."

பட்டணத்து ஆஸ்பத்திரி டொக்டர் இரண்டு விதமான இரவுக் குளிசைகளை மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்திருந்தார். பலனில்லை. இப்போது அவற்றில் இரண்டாவதான மஞ்சள் குளிசையை நிறுத்தாமல், கொழும்பிலிருந்து எடுப்பித்த வெள்ளையையும் சேர்த்தார்.

"படுக்கிறதுக்கு ஒண்டு, எழும்புறதுக்கு ஒண்டோ, டொக்டர்?" என்று இராசமலர் கேட்டார்.

"இல்லை அம்மா. மஞ்சள்தான் மனத்துக்கு. அதால தனிய இழுக்க ஏலாமல் கிடக்கு. காலையில இது கைகுடுக்கும். எல்லாருக்கும் சரிவராது, பிரஷரைப் பாத்துப் பாத்துத்தான் குடுக்கவேணும். பின்னேரத்தில மட்டும் குடுத்திடாதையுங்கோ, நித்திரை வராது."

கொஞ்ச நாளில் பெருவிரல் அசைந்தது. குலசிங்கம் ஐஸ் அறைக்குப் போனார். அது நேர்த்திக்கடனின் பலன் என்றது ஒரு கட்சி. தன் அதட்டலின் பலன் என்று சின்னப்போடி சங்கக் கூட்டத்திலேயே அறிவித்தார். மருந்துக்குப் பலன் கொடுக்க எவருக்கும் மனம் வரவில்லை.

மருந்தை அட்டையோடு கொண்டுபோனால் சோதனைச்சாவடியில் ஆமி "காட்டுக்கோ, இயக்கத்துக்கோ?" என்று பறிக்கும். அதனால் எங்களூரில் குளிசையை உரித்துத் தைலப்பேணியில் போட்டுக் கொண்டுவருவது வழக்கம். இராசமலரும் மஞ்சளையும் வெள்ளையையும் ஒன்றாக உரித்துப் போட்டிருந்தார். ஒருமுறை குலசிங்கம் அதைக் கொண்டுவந்தபோது சாவடியில் நின்ற ஆமிக் கோப்ரல் பேணியைத் திறந்து முகர்ந்தான். தைல வாசம் வரவில்லை.

வரிசையில் பின்னால் நின்ற, ஐஸ் லொறி ஓட்டும் ஜெமீல் அவனுடைய சிங்களத்தை மொழிபெயர்த்தார். "இதெல்லாம் என்னத்துக்கெண்டு கேக்கிறார்."

"மஞ்சள் கவலைக்கு. வெள்ளை எழும்பி இருக்கிறதுக்கு," என்றார் குலசிங்கம்.

ஜெமீல் ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னார். அதுதான் வினையாயிற்று.

"ராவில ஆருக்குக் காவல் இருக்கிறாயாம்?"

"காவலோ? நான் பகலிலேயே படுத்துக் கிடந்தனான், ஜெமீல் நானா."

"அதை நான் எப்பிடிச் சொல்லுறது? அவர் நம்பமாட்டார். நானே இன்னும் நம்பேல்லை."

நாடே நித்திரையில்லாமல் கிடந்த காலத்தில், விழித்திருக்க மருந்து வைத்திருப்பவன் சந்தேகத்துக்குரியவன்தானே. பேணி மண்மூட்டைக்குப் பின்னால் போனது. குலசிங்கம் வீட்டுக்குப் போனார். வீட்டில் மீதியிருந்த குளிசை முடிந்த பிறகு பெருவிரல் அசையவில்லை.

சின்னப்போடி இம்முறை பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "ஆமி மருந்தைப் பறிச்சவங்களாம். இப்ப நீ படுக்கலாமடாப்பா. இது நியாயமான காரணம். வேலை எங்கேயும் ஓடாது." பின்னாலேயே ஊரும் வந்தது. சோடா வந்தது, கோழிச்சூப்பு வந்தது. இவ்வளவு காலமாகக் கேட்டுக்கொண்டிருந்த காரணம் கிடைத்த மகிழ்ச்சியில், ஆளை எழுப்புவது பற்றி ஒருவரும் நினைக்கவில்லை.

இராசமலர் மட்டும் டொக்டரிடம் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதி வாங்கி, காலையில் சாவடிக்குப் போய் ஓரமாக நிற்பார். வெயில் ஏறினால் திரும்புவார், அடுத்த நாளும் போவார். ஒருநாள் கோப்ரல் பேணியை நீட்டினான். அதன் பிறகு குலசிங்கம் மறுபடி கால்களைப் பார்த்தபடி உட்கார்ந்தார். "வந்திட்டுது, மலர்." ஊர் கொஞ்சம் ஏமாற்றத்தோடு கலைந்தது.

அந்தச் சாவடியை எடுத்த பிறகுதான் இராசமலரக்கா எனக்கு இதைச் சொன்னார். திரும்பி வந்த பேணியில் வெள்ளைக் குளிசை ஒன்றும் குறையவில்லை. மஞ்சளில்தான் பாதியைக் காணவில்லை. குறைந்ததை டொக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒருவரிடமும் மூச்சுவிடவில்லையாம். அடுத்த மாதம் பையைச் சோதிக்கும்போது கோப்ரல் குரலைத் தாழ்த்தி, தெரிந்த தமிழில் கேட்டிருக்கிறான்.

"அக்கா, மஞ்சள்... எத்தினை நாள் போனா நல்லம் வரும்?"

"மாசக்கணக்காகும் தம்பி. சும்மா எடுத்துப் போடக்கூடாது, டொக்டரிட்டைப் போங்கோ எண்டனான்," என்றார் அக்கா. "பாவம், அவனுக்கும் காரணம் தெரியாதாம்."