பழுதாகாத ஆற்றுக்கு ஒரு அட்டை

எங்கள் அறிவியல் கூடத்தில் பழுது பார்ப்பவரை எல்லோரும் ஸ்பேனர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பதினாறு வருஷ சர்வீஸ். எந்த இயந்திரம் மக்கர் செய்தாலும் அவர் கை பட்டால் சொன்ன பேச்சு கேட்கும். வெளியே ஓடும் ஆற்றின் மாதிரியைக் கீழ்த்தளத்தில் செய்து வைத்ததும் அவர்தான். கைச்சக்கரத்தைச் சுற்றினால் மதகு திறக்கும், தீப்பெட்டி அளவு வீடுகளுக்குள் வெள்ளம் புகும். பிள்ளைகள் அதற்கு உயிரை விடுவார்கள். அவர்கள் போனபின் தரையில் மீன் வளர்க்கலாம்.

அதனால் அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மூன்று பள்ளிக்கூட பஸ்ஸுக்கு மேல் வந்துவிட்டால், சக்கரத்தில் "பழுது பார்க்கப்படுகிறது" அட்டையை மாட்டிவிட்டு, பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு டீ குடிப்பார். "ஆறும் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்மா" என்பார். அங்கே விளக்கம் சொல்பவள் நான். நானும் யோக்கியம் இல்லை. மாப் போடும் வேலை மிச்சம் என்று வாயைத் திறக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை நாலு பஸ். அட்டை ஏறிவிட்டது. நாலாவது பஸ்ஸில் வந்து இறங்கியது அண்ணன் மகளின் வகுப்பு. இங்கே வரும் தேதி மாறியதை அவள் வீட்டில் சொல்லியிருக்கிறாள், இவர் காதில் வாங்கவில்லை.

"உங்கப்பா செஞ்சதுன்னு பீத்திக்கிட்டே, ஓடவே இல்லையே?" என்றாள் ஒருத்தி.

"எங்கப்பா சரி பண்ணிட்டு இருக்காரு. சாப்பிடக்கூட மாட்டாரு, தெரியுமா?"

தடுப்புக்குப் பின்னால் அவர் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தால் ஸ்டூலும் டீயும் தெரிந்துவிடும். வகுப்பு மாடி ஏறியபின்தான், "பாவி நான்" என்றார். அட்டையை நானே கழற்றியிருக்கலாமே என்று எனக்கும் சுருக்கென்றது. கை இருந்தும் கழற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டு மகளை அழைத்து வந்தார். ஆற்றைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தோம்.

"சுத்துடா கண்ணு."

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம்ப்பா. மறுபடி கெட்டுப்போனா நீங்கதானே கஷ்டப்படணும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவள் எதிரே மண்டியிட்டார்.

"அது கெடவே இல்லம்மா. அப்பாதான் சோம்பேறித்தனமா அட்டைய மாட்டிட்டு, பின்னாடி டீ குடிச்சிட்டு இருந்தேன். நீ பேசினதெல்லாம் கேட்டுச்சு."

அவள் சக்கரத்திலிருந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் அவங்ககிட்ட பொய் சொல்லிட்டேனாப்பா?"

"நீ சொல்லல. நான்தான் உன்னைச் சொல்ல வெச்சேன்" என்றார்.

அவள் அப்பாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள். ஆனால் சக்கரத்தைத் தொடாமலே வெளியே போனாள்.