பத்தொன்பது நாள் மேனேஜர்

மீன்பிடிப் படகுகளின் ஜி.பி.எஸ். செட்டுகளைப் பழுது பார்ப்பது என் தொழில். கடல் தண்ணீர் உப்புக் கரிக்கும் வரை எனக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை. எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, கடலூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடையில் மூன்று வருடமாக இருக்கிறேன். கூச்ச சுபாவக்காரர்களுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. எந்தச் செட்டும் நம்மைப் பார்த்து "கல்யாணம் எப்போ?" என்று கேட்பதில்லை. வேலையை நன்றாகச் செய்த குற்றத்துக்காக அந்த வேலையைவிட்டே தூக்கி மேலே உட்கார வைக்கப்பட்டவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே ஜாதி.

தலையாட்டியது

முதலாளி சிதம்பரத்தில் கிளை திறந்தார். நான்தான் மேனேஜர் என்றார். ஒரு மாதம் இருந்து பார்த்து முடிவு சொன்னால் போதும். இனி ஸ்க்ரூடிரைவரைத் தொட வேண்டாம், ஆட்களை வேலை வாங்கினால் சரி. "எனக்கு வராது சார்" என்று சொல்ல வாயெடுத்து, தலையை மட்டும் ஆட்டினேன். அதற்குள் அவர் கிளம்பிவிட்டார். பில் போடும் சகாயமேரி அக்கா எட்டிப் பார்த்தார். "ஏம்மா, நீ ஆட்டுன தல சரின்றதா, வேணான்றதா? அவுரு சரின்னு எடுத்துக்கினு போயிட்டாரு!"

பஸ்ஸில் ஒத்திகை

சிதம்பரத்தில் எனக்குக் கீழே ஒரே ஒரு டெக்னீஷியன், மணி அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வருகிறவர்களிடமெல்லாம் ஊர்க்கதை பேசிச் சிரிக்க வைப்பார். ஒன்பது மணிக் கடைக்குப் பத்தேகாலுக்கு வருவார். அவரைக் கண்டிக்க ஐந்து வாக்கியம் எழுதி, பஸ்ஸில் உதட்டுக்குள் மனப்பாடம் செய்தேன். "தினமும் இப்படித் தாமதமாக வந்தால் நான் எப்படிப் பொறுத்துக்கொள்வது?" பக்கத்து சீட்டு அம்மா புதுச்சத்திரத்தில் இறங்கும்போது என் தோளைத் தட்டினார். "உள்ளுக்குள்ளயே பொலம்பாதம்மா, வூட்டுக்காரரு மூஞ்சிக்கு நேரா கேட்டுடு."

கண்டித்தது

அன்றும் பத்தேகால். நான் எழுந்து நின்றேன். முதல் நான்கு வாக்கியங்கள் மறந்துவிட்டன. ஐந்தாவதைத் தனியாகச் சொன்னால் அர்த்தமில்லை. காத்திருந்த நேரத்தில் கை சும்மா இருக்காமல், அவர் மேசையில் கிடந்த செட்டைச் சரிசெய்து வைத்திருந்தேன். "செட்டு ரெடிண்ணே" என்றேன். மணி அண்ணன் மலர்ந்துபோனார். "அப்ப நாளைக்குப் பதினோரு மணிக்கா வரேன் மேடம், நீங்க நிதானமா முடிங்க."

துண்டுக்குள் செட்டு

மீன் கிடைக்கும் இடங்களைப் படகுக்காரர்கள் ஜி.பி.எஸ்.ஸில் பாயிண்டாகக் குறித்து வைத்திருப்பார்கள். சொந்த மச்சானுக்கும் காட்ட மாட்டார்கள். ஆனால் ரிப்பேர் செய்பவர் கண்ணில் அது பட்டே தீரும்.

பிச்சாவரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் செட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். கடலூரிலும் என்னிடம்தான் கொடுப்பார். மேனேஜர் தோரணையில், "மணி அண்ணன்கிட்ட குடுங்க, நல்லா செய்வாரு" என்றேன். அவர் துண்டை இறுக்கிக்கொண்டார். "செய்வாரு. செஞ்சிட்டு ஊர் முழுக்க சொல்லவும் சொல்லுவாரு. நீதான் வாயத் தொறக்காத பொண்ணு, நீ பாரு."

மணி அண்ணன் கோபிப்பார் என்று பயந்தேன். அவரோ சிரித்து, பெரியவருக்கு டீ சொல்லி, பேசிப் பேசியே அவருடைய தம்பி படகுக்கும் ஒரு புது செட்டு விற்றுவிட்டார். நான் செட்டைப் பிரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். பத்தொன்பது நாளில் முதல் தடவையாக, அடுத்து என்ன பேசுவது என்று நான் யோசிக்கவில்லை. மணி அண்ணன் குனிந்து என் காதில் சொன்னார்: "மேடம், கரெக்டாத்தான் சொல்றாரு. எனக்கு ரகசியம் தங்காது."

வாய் திறந்தது

மறுநாள் காலை கடலூர் போய் முதலாளி முன்னால் நின்றேன். மணி அண்ணன் மேனேஜராகட்டும், வருகிறவர்களிடம் அவர் பேசட்டும். ரிப்பேர் மேசையில் நான் உட்காருகிறேன், செட்டுகளை நான் பார்க்கிறேன். மேனேஜர் என்றால் கடை திறக்க அவரே சீக்கிரம் வந்தாக வேண்டும். மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இதத்தாம்மா மேனேஜர் வேலைன்னு சொல்றது. சரி, நீ சொன்னபடியே பண்ணிடலாம்."

ஆக, பத்தொன்பது நாள் மேனேஜராக இருந்து நான் எடுத்த ஒரே உருப்படியான முடிவு, மேனேஜரை மாற்றியதுதான்.