ஸலாத்தின் நீளம்

மச்சான் கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போனாலும் ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்பதோடு நிறுத்தாமல் முழு ஸலாமும் சொல்லிவிட்டுத்தான் மறுபேச்சுப் பேசுவார். வீடு பற்றி எரிந்தாலும் இந்த மனிசன் முதலில் ஸலாம் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் கேட்பார் என்று அவர் மனைவியான என் அக்கா, நாங்கள் ராத்தா என்போம், கேலி செய்வா. அவரும் சேர்ந்து சிரிப்பார். ஸலாம் நீள நீள நன்மையும் கூடும் என்பார்.

சண்டை முடிந்து, கடலுக்குப் போக நேவி பாஸ் கேட்காத காலம் வந்திருந்தது. நான் பாலாவியில் வீட்டிலிருந்தபடியே கொழும்பில் ஒரு சிறு நிறுவனத்துக்குக் கணினி வேலை செய்துகொண்டிருந்தேன். மீன்பிடிப் போட்டுகளுக்கு அவர்கள் ஒரு பெட்டி செய்தார்கள். போனுக்குச் சிக்னல் இல்லாத இடத்திலிருந்தும் அது கரைக்கு எழுத்தில் செய்தி அனுப்பும். கரையிலுள்ள பெட்டி அதை வீட்டுக்காரரின் போனுக்குக் கொடுக்கும், அங்கிருந்து வரும் பதிலைப் போட்டுக்கும் அனுப்பும். திரையில் தமிழ் வரச் செய்வது என் வேலை. முதல் பெட்டிகளில் ஒன்றை மச்சானின் போட்டில் பொருத்தினார்கள்.

செய்தி புறப்படும்போது அதன் நீளம் ஓர் எண்ணாக முன்னால் போகும். அந்த எண்ணை எழுத ஒரு சின்ன ஃபங்ஷன், கரையில் அதை வாசிக்க இன்னொன்று. கரைப் பெட்டி அந்த எண் சொன்ன அளவை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிவிடும். எண்ணுக்கு அவர்கள் ஒதுக்கியது ஒரே ஒரு பைட். நீளம் இருநூற்று ஐம்பத்தைந்தைத் தாண்டினால், லொறி மீட்டர் சுற்றி வருவதுபோல, மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கிவிடும். ஆங்கில எழுத்து ஒரு பைட்டோடு அடங்கும். தமிழில் எழுத்தோடு குற்றுப் புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனியே மும்மூன்று பைட் தின்னும்.

இதை நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பொறுப்பாக இருந்தவர் சிரித்தார். ஆபத்தில் இருப்பவன் கடிதமா எழுதப்போகிறான், ‘ஹெல்ப்’ என்றால் போதாதா என்றார். எங்கள் ஆட்களைத் தெரியாதவரின் சிரிப்பு. அதன் மேல் எனக்குள்ள ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

ஒரு நாள் மதியம் ளுஹர் தொழுது முடித்த நேரம் ராத்தாவின் போனுக்கு மச்சானின் செய்தி வந்தது. ‘அஸ்ஸலாமு அலைக்கும்’, அதற்குப் பின்னால் அடுத்த சொல்லின் முதல் மூன்று எழுத்து. அவ்வளவுதான். கை தட்டுப்பட்டுப் பாதியில் போய்விட்டது என்று நினைத்தா. வந்த ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் விடக்கூடாதே, ‘வஅலைக்கும் ஸலாம்’ என்று அனுப்பிவிட்டு சோறு வடிக்கப் போனா.

பொழுது சாய்ந்தும் அவர் வரவில்லை. எந்தத் திசையில் தேடுவதென்றே யாருக்கும் தெரியவில்லை. பிறகு உச்சமுனைக் கரை ஆட்கள் கவிழ்ந்து கிடந்த போட்டை இழுத்து வந்தார்கள். அடக்க மையித்துக்கூடக் கிடைக்கவில்லை.

போட்டின் முன்பக்க அணியத்துப் பலகைக்குக் கீழே இருந்த பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கவில்லை. அதை நான்தான் திறந்தேன். முன்னால் நின்ற எண்ணை நம்பாமல், ஒவ்வொரு பைட்டாக வாசித்தேன். முழு ஸலாம், ஒரு சொல்லும் குறையாமல். அதற்குப் பிறகு: “இஞ்சின் நிண்டுட்டு. உச்சமுனைக்கு மேற்கால. தண்ணி ஏறுது. போட் அனுப்புங்க.”

நிறுவனம் பின்னர் அந்த எண்ணுக்கு இரண்டு பைட் ஒதுக்கியது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன.

மச்சான் போனபின் இத்தாவில் வீட்டோடிருந்த ராத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. அவ அழவில்லை. அவர் ஏன் இன்னொரு தடவை அனுப்பவில்லை என்று கேட்டா. பெட்டியில் கரண்ட் இருந்தது, அனுப்பியிருக்கலாம் என்றேன்.

“நான் அனுப்பின பதில் ஸலாம் அவருக்குப் போச்சா?”

அது சின்னச் செய்தி. நீளம் சரியாகவே போயிருந்தது. அவர் அதைத் திறந்து பார்த்ததும் பெட்டியில் பதிவாகியிருந்தது. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“ஓம் ராத்தா. வாசிச்சிருக்கார்.”

“அப்ப, நாங்க ஆள் அனுப்பிட்டம் எண்டு பாத்துக்கொண்டே இருந்திருப்பார்” என்றா.