நெஞ்சில் தைத்த விரல்

விரல் நசுங்கி வருகிறவர், நாம் கத்தியைத் தொடுவதற்கு முன்பே “வெட்டிடுங்க” என்று சொல்லிவிடுவார். இந்தத் தொழிலில் என்னோடு மாரடிக்கும் அன்பர்களே, வெட்டுவது சுலபம்; ஒட்டுவதுதான் பாடு. ஆரணி ஆஸ்பத்திரியில் நான் தோல் ஒட்டிய இருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

பொய் பேசாத கை

நெசவாளி வரதப்ப முதலியாரின் வலது ஆள்காட்டி விரல், கண்ணமங்கலம் ரோட்டில் வண்டிச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. சதை உரிந்து எலும்பு தெரிந்தது. நல்லவேளை, முறியவில்லை.

“வெட்டிட்டா ஜல்தியா ஆறிடுமே” என்றார்.

“அறுந்த பட்டு இழையை அப்புறம் எதால முடிவீங்க?” என்றேன். கையை நீட்டினார்.

குளோரோபாம் கொடுத்து மயக்கி, மார்புத் தோலை மூன்று பக்கம் அறுத்து மடல்போல் தூக்கி, விரலை அதில் வைத்துத் தைத்தேன். நாலாவது பக்கம் மார்போடு சேர்ந்தே இருக்கும். ரத்தம் அந்த வழியாக வரும். விரலில் தோல் பிடித்த பிறகுதான் அறுத்துப் பிரிக்க வேண்டும். அதுவரை கை நெஞ்சிலேயே.

கட்டைப் பார்த்ததும் மனைவி செங்கம்மா அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நெஞ்சுமேல கைய வச்சிகினு இருக்கற வரைக்கும் எங்கிட்ட பொய் பேசக் கூடாது, ஆமா!”

வலி எங்கே?

வெம்பாக்கத்து அஞ்சலைக்குக் கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டு இடது கட்டைவிரல் சதை போய்விட்டது. அதே மாதிரி வலது தோளுக்குக் கீழே தோலைத் தூக்கி ஒட்டினேன்; அதற்கு ரத்தமும் நரம்பும் இன்னும் தோளிலிருந்துதான். ஒரு நாள் காலையில் கட்டைப் பிரித்தால், ரத்தம் போகாமல் ஓரம் கறுத்திருந்தது. இறுகியிருந்த தையல்களை உடனே அவிழ்த்தேன்.

மறுநாள் விரலில் ஒட்டிய தோலை ஊசியால் குத்தினேன். சிவப்பாக ரத்தம் வந்தது. பிழைத்தது! “வலிக்குதா?” என்றேன்.

“விரலத்தான குத்தினீங்க, தோளு ஏன் வலிக்குது?”

புது வாடிக்கை

நெஞ்சிலிருந்து பிரித்த விரல் நன்றாக ஆறி, முதலியார் தறிக்குத் திரும்பினார். ஆனால் மார்புத் தோல் அல்லவா, விரலில் முடி முளைத்தது. பட்டு இழை அதில் சிக்கியது. “பேஜாரா இருக்குதுங்க” என்று வந்தார். நாவிதரிடம் அனுப்பினேன்.

வழியில் என்னைப் பார்த்த நாவிதர் கேட்டார்: “விரலுக்கு சவரம் பண்ணியாச்சுங்க. மீசை வைக்கணுமா, வேணாவா?”

மொத்தத்தில், ஒட்டிய தோல் நிற்கும் என்று நான் துணிந்து சொல்வேன். அதில் என்ன முளைக்கும் என்பதற்கு மட்டும் நான் பொறுப்பல்ல.