பச்சையைத் தொடாத கை

கைராசி அக்காவுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. தோட்டத்து ஆய்வுக்கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் செர்ரி பறித்து நிரப்பிய பதினேழாம் எண் பெட்டி. அதைச் சோதிப்பவள் அவள் பெற்ற மகள்தான். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். "இன்னொரு தடவை தேறலேன்னா பறிக்கறவங்க பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துடுவேன்" என்று மேஸ்திரி காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்.

"பரீட்சை வைக்கிறது உன் பொண்ணு. பிட் அடிக்க வழியில்லையா?" என்று சீண்டினாள் பக்கத்து வரிசைக்காரி.

"வாயை மூடிட்டுக் காயைப் பறிடி."

இருபத்தாறு வருடமாகச் செர்ரி பறித்த கை அது. அவள் அனுப்பும் பெட்டிதான் சந்தையில் முதலில் காலியாகும்; பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. போன மாதம் தோட்டம் ஒரு தூள் தொழிற்சாலையின் கைக்குப் போனதும் எல்லாம் தலைகீழானது. சாற்றுக்கும் ஜாமுக்கும் சிவப்புப் பழம் போதும், சத்து மாத்திரைக்கான தூளுக்குப் பச்சைக்காய்தான் வேண்டுமாம். பழத்துக்கு 'அசெரோலா' என்று புதுப்பெயர் வேறு. கரீபியன் தீவுகள் பக்கம் பிறந்து, கடல் தாண்டி வெப்பநாடுகளில் எல்லாம் வேர் விட்ட செடி என்று மகள் ஒருநாள் சொன்னாள். "போன இடத்துல பொழைச்சுக்கிச்சு. அதுக்கு இருக்கற சமத்து எனக்கு வரலியே" என்றாள் அக்கா.

கதவு திறந்தது. மகளின் கையில் பதிவேடு.

"அம்மா, இது நேத்துப் பறிச்சதா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ராத்திரி பூரா சாக்கு போட்டு மூடி வச்சியா?"

அக்கா முந்தானையைத் திருகினாள். "வெறும் காயை எப்படிடி உன் முன்னாடி கொண்டாந்து கொட்டறது? லேசா நிறமாவது ஏறட்டும்னு பார்த்தேன். எம்பொண்ணுகிட்ட மட்டமான சரக்கையா நீட்டுவேன்?"

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "பழுக்கப் பழுக்க இனிப்புதாம்மா ஏறும். வைட்டமின் சி இறங்கிடும். இத்துனூண்டு பச்சைக்காய் ஒண்ணு, ஒரு முழு ஆரஞ்சுக்குச் சமம்."

"அப்போ இத்தனை வருஷம் நான் பறிச்சுக் கொடுத்ததெல்லாம் வீணா?"

"யார் சொன்னா? பழுத்ததுலயும் நிறைய இருக்கு. இவங்க கேக்கற அளவுதான் இல்லை." மகள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னும் எழுதலைம்மா. இன்னிக்குக் காலையில பறிச்ச காய் நாலு கொண்டா. அதைப் பார்த்து எழுதிடறேன்."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பொய்யெழுத எதுக்குடி பட்டம்? அதுக்கு நானே போதுமே. இருக்கறதை எழுது."

சொன்ன கையோடு விறுவிறுவென்று மேஸ்திரியிடம் போய் நின்றாள். "பெட்டி தேறலை. மூடி வச்சுக் கெடுத்தது நாந்தான். பேரை எடுக்கறதுன்னா இப்பவே எடுங்க. இல்லேன்னா ஒரு மணி நேரம் கொடுங்க, புதுசா ஒரு பெட்டி கொண்டாரேன்."

மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது, அக்கா."

அக்கா மரத்தடிக்குப் போய்க் கிளையை இழுத்தாள். கை தன்பாட்டுக்குச் சிவப்பிடம் போயிற்று. சட்டென்று இழுத்துக்கொண்டாள். மறுபடியும் போயிற்று. கடைசியில் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, விரலுக்குக் கெட்டியாகப் பட்டதை மட்டும் கிள்ளினாள். கழுத்து வலித்தது. காய்கள் மடமடவென்று பெட்டியில் விழுந்தன.

மேஸ்திரி பெட்டியைக் கிளறிப் பார்த்தார். முழுக்கப் பச்சை. நடுவில் மட்டும் ஒன்று ரத்தச் சிவப்பாக மின்னியது.

"இது என்னக்கா?"

"அது எனக்கு" என்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, பேர் இருக்கட்டும். நாளைக்கும் இப்படியே வரணும்."

அதைக் கேட்க அவள் அங்கே இல்லை. பழத்தின் மூன்று கொட்டைகளையும் துப்பிவிட்டு, அடுத்த மரத்தின் கிளையை வளைத்துக்கொண்டிருந்தாள்.