குன்னத்தில் ஏறிய பச்சைத் துண்டுகள்

அரியலூரிலிருந்து வரும் பஸ் குன்னத்தில் நிற்பதற்குள், என் ஜன்னல் வழியாக இரண்டு பச்சைத் துண்டுகள் பறந்து வந்து பக்கத்துக் காலி இடங்களில் விழுகின்றன. இடம் பிடிக்கிறார்கள். துண்டுக்காரர்கள், இரண்டு பெரியவர்கள், ஏறி வந்தும் உட்காராமல் நிற்கிறார்கள்.

"நீங்க நடுவுல வந்துடுங்க சார்," என்கிறார் ஒல்லியானவர். நகர்கிறேன். எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆளுக்கொரு திசையைப் பார்க்கிறார்கள். வெயில் மடியில் விழுகிறது.

"எங்க போறீங்க?" ஒல்லியானவரிடம் கேட்கிறேன்.

"பெரம்பலூர் கலெக்டர் ஆபீசுக்குங்க. காட்டுப்பன்னி மக்காச்சோளத்த அழிக்குது. மனு குடுக்கணும்."

"அவரும் அதுக்குத்தானா?"

"ஆமா. ஆனா அவரு வேற கட்சிங்க."

ஒரே விவசாயக் கட்சியாக இருந்ததாம். இவர் தேர்தலுக்குத் தேர்தல் நின்று டெபாசிட் இழந்தார். அவர் ஊர் ஊராக மைக் பிடித்தார். தோற்றது யாரால் என்ற சண்டையில் கட்சி உடைந்தது.

"கூட இருந்தவங்க?"

"வேலைக்குன்னு திருப்பூர் பக்கம் போயிட்டாங்க."

"அப்ப கட்சியில இப்ப யாருதான் இருக்கா?"

கண்ணை மூடிச் சாய்கிறார்.

"இதுல நான் இருக்கேன். அதுல அவரு இருக்காரு."